கிட்டங்கிக்கு எதற்கு வந்தேன்?

கேள்வி:

டாக்டர், எனக்கு வயது 54. கோட்டாற்றில் பலசரக்குக் கடை, அப்பா காலத்துக் கடை. நான் கல்லாவில் உட்கார ஆரம்பித்து முப்பது வருஷம் ஆகப்போகிறது. முன்பெல்லாம் மூன்று பேர் ஒரே நேரத்தில் வந்து நின்று சாமான் சொன்னாலும் சீட்டு எழுத மாட்டேன். துவரம்பருப்பு அரைக்கிலோ, நல்லமிளகு நூறு, சிறுபயறு கால்கிலோ, சீனி ரெண்டு என்று அவர்கள் சொல்லச் சொல்ல எடுத்து வைத்து, மனக்கணக்காகவே தொகையும் சொல்லிவிடுவேன். இப்போது ஒருத்தர் நாலு சாமான் சொன்னால் மூன்றாவது மறந்துபோகிறது. போன வாரம் ஒரு அம்மா, “அண்ணாச்சி, இது மூணாவது தடவ” என்று சிரித்தார்கள். கிட்டங்கிக்குள் போய் நின்றுகொண்டு எதுக்கு வந்தோம் என்று யோசிக்கிறேன்.

மகன் நல்ல செல்போன் வாங்கித் தந்து நாலு வருஷம் ஆகிறது. மதியம் ரெண்டு மணி முதல் நாலு மணி வரை கடையில் ஆள் வராது. ரீல்ஸ் பார்ப்பேன். ராத்திரி கடை அடைத்து, சாப்பிட்டுப் படுத்தால் பன்னிரண்டரை வரை ஓடும். காலையில் அஞ்சரைக்கு எழுந்திருக்கணும். என்ன பார்த்தோம் என்று யோசித்தால் ஒன்றும் ஞாபகம் இல்லை. சவத்தைத் தூக்கி எறிவோம் என்று தோன்றும். அஞ்சு நிமிஷத்தில் கை தானாக அதைத் தேடும். எனக்கு ஒன்பது வருஷமாகச் சர்க்கரை உண்டு, மாத்திரை மட்டும்தான். எங்க அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் மறதி நோய் வந்து, பிள்ளைகளையே தெரியாமல் போச்சு. எனக்கும் அது தொடங்கிவிட்டதா? மனுஷனுக்கு இப்போது தங்கமீன் அளவுக்குக்கூடக் கவனம் இல்லை என்று ஒரு ரீலில் சொன்னான். மூளை அழுகிப்போகும் என்கிறான் இன்னொருத்தன். வெப்ராளமாக இருக்கிறது.

— ஒரு வாசகர், கோட்டாறு

பதில்:

அண்ணாச்சி, கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மறதி நோய் வந்தவர் எழுதியது மாதிரி எனக்குப் படவில்லை. விட்டுப்போவது மூன்றாவது சாமான் என்று உங்களுக்குத் தெரிகிறது. அந்த அம்மா சொன்ன வார்த்தை அப்படியே நினைவிருக்கிறது. மறதி நோயின் தொடக்கத்தில் இருப்பவர் பெரும்பாலும் தானாக வருவதில்லை. மகளோ மருமகளோ கூட்டிக்கொண்டு வருவார்கள், அவர் “எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர், இவங்க சும்மா பயப்படுதாங்க” என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பத்து நிமிஷத்துக்கு முன் கேட்ட கேள்வியை, கேட்ட நினைவே இல்லாமல் மறுபடி கேட்பது, முப்பது வருஷம் நடந்த தெருவில் வழி தப்புவது, ஐந்நூறு ரூபாய்க்கு மீதி கொடுக்கத் திணறுவது, குணமே ஆள் மாறினதுபோல் ஆவது: இதில் ஒன்று இருந்தாலும் அடுத்த பதிலுக்குக் காத்திராமல் டாக்டரிடம் போங்கள். கிட்டங்கிக்குள் நின்று முழிப்பது இந்தப் பட்டியலில் இல்லை. எனக்கும் அது உண்டு.

அம்மாவுக்கு வந்ததால் பிள்ளைக்கும் வந்தே தீரும் என்று கிடையாது. முதுமையில் வரும் மறதி நோயில் குடும்ப வழியாக வரும் ஆபத்து கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் அது தலையெழுத்து அல்ல. நம் நாட்டில் நடந்த பெரிய ஆய்வொன்று, 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்று மேல், 7.4 சதவீதம், மறதி நோய் இருப்பதாக 2023இல் கணக்கிட்டது. உங்களுக்கு 54 தான் ஆகிறது.

செல்போனைத் திட்டுவதற்கு முன் நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்ட ஒரு வரிக்கு வருகிறேன். ஒன்பது வருஷமாகச் சர்க்கரை மாத்திரை. அது மெட்ஃபார்மினாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், அட்டையில் பெயரைப் பாருங்கள். நல்ல மாத்திரைதான், நிறுத்திவிடாதீர்கள். ஆனால் வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 சத்து குறையும். பி12 குறைந்தால் மறதி, சோர்வு, கால் மரத்துப்போவது எல்லாம் வரும். ஊசியோ மாத்திரையோ போட்டால் சரியாகக்கூடிய மறதி இது. அதனால் முதல் வேலையாக பி12, தைராய்டு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை மூன்றையும் ரத்தத்தில் பாருங்கள். ராத்திரி பலமாகக் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று திணறுகிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறவர்களுக்கும் பகலில் கவனம் நிற்காது. இதையெல்லாம் பார்க்காமல் ‘எல்லாம் செல்போனால்தான்’ என்று சொல்லி அனுப்புகிற டாக்டரும் ரீல்ஸ்காரரும் ஒன்றுதான்.

பன்னிரண்டரைக்குக் கண்ணை மூடி ஐந்தரைக்கு எழுந்தால் ஐந்து மணி நேரத் தூக்கம். பகலில் மனதில் விழுந்ததை அடுக்கி வைக்கும் வேலை தூக்கத்தில்தான் பெரும்பகுதி நடக்கிறது. கடை அடைத்த பிறகு சாக்குகளை நகர்த்தி, சிந்தினதைக் கூட்டி, மறுநாளுக்கு ஒழுங்கு பண்ணுகிற வேலை மாதிரி. அதற்கு நீங்கள் நேரமே கொடுப்பதில்லை.

இனி செல்போன். அதற்கு முன் உங்கள் ஊர்ப்பக்கத்துக் கதை ஒன்று. நீங்கள் கடை வைத்திருக்கும் கோட்டாற்றிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இடலாக்குடி. அங்கே பிறந்தவர்தான் செய்குத்தம்பிப் பாவலர், 1874 முதல் 1950 வரை வாழ்ந்தவர். திருவிதாங்கூர் காலம், பள்ளியில் மலையாளம். தமிழைச் சங்கரநாராயண அண்ணாவியாரிடம் தனியாகப் படித்தார். 1907ஆம் வருஷம் மார்ச் 10ஆம் தேதி சென்னை விக்டோரியா மண்டபத்தில் கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்து சதாவதானம் செய்து காட்டினார், அதாவது ஒரே அமர்வில் நூறு காரியங்கள். இந்தக் கலையில் ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், ஒருவர் கணக்குப் போடுவார், ஒருவர் ஏதோ ஒரு தேதியைச் சொல்லிக் கிழமை கேட்பார், ஒருவர் சதுரங்கம் ஆடுவார். முதுகில் ஒருவர் அவ்வப்போது பூவோ கல்லோ எறிவார், இன்னொருவர் நினைத்த நேரம் மணி அடிப்பார், எல்லாம் முடிந்த பிறகு எத்தனை என்று எண்ணிக்கை சொல்ல வேண்டும். முஸ்லிம் புலவரை மடக்குவதற்கென்றே ராமன் துணை என்று முடிகிற ஈற்றடி ஒன்றைக் கொடுத்தார்களாம். பாவலர் அதன் முதல் சொல்லான ‘துருக்கனுக்கு’ என்பதன் முன்னால் ‘சத்’ என்பதை ஒட்டி, சொல்லை ராமனின் தம்பி சத்துருக்கனன் ஆக்கி முடித்துக் கொடுத்தார் என்று எங்கள் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள்.

எனக்கு வியப்பு அந்தக் கலையின் பெயரில்தான். கேட்கிறவர்கள் எல்லாம் ‘என்ன ஞாபகசக்தி’ என்றுதான் வாயைப் பிளப்பார்கள். ஆனால் நம் முன்னோர் அதற்கு ஞாபகம் என்று பெயர் வைக்கவில்லை, அவதானம் என்று வைத்தார்கள். அவதானம் என்றால் கவனம். இலங்கைத் தமிழர்கள் இன்றும் ‘அவதானமாகப் போங்கோ’ என்றுதான் சொல்வார்கள். நினைவு என்று நாம் சொல்வதன் முதல் வேலை, கேட்கும் அந்த ஒரு நிமிஷத்திலேயே நடந்துவிட வேண்டும். அப்போது கவனம் அங்கே இல்லையென்றால் பின்னால் தேடுவதற்கு உள்ளே ஒன்றும் இருக்காது. அந்த அம்மா மூன்றாவது சாமானைச் சொன்னபோது உங்கள் மனம் கல்லாப்பெட்டி மேலே பாதியில் நிறுத்தி வைத்த ரீலில் இருந்திருக்கும். அந்தச் சாமான் உங்களுக்குள் நுழையவே இல்லை, அண்ணாச்சி. மறந்தீர்கள் என்று எப்படிச் சொல்வது?

நீங்கள் முன்பு செய்துகொண்டிருந்ததும் ஒரு சின்ன அவதானம்தான். அமெரிக்காவில் ஓர் ஓட்டலில் இருபது பேருடைய சாப்பாட்டு ஆர்டரை எழுதாமல் நினைவு வைத்துக்கொண்ட பரிமாறுகாரர் ஒருவரை 1980களில் எரிக்சன் என்ற உளவியலாளர் ஆராய்ந்தார். அவருக்குத் தனி மூளை ஒன்றும் இல்லை. கேட்டதை வகை வகையாகப் பிரித்து, உட்கார்ந்திருக்கும் இடத்தோடு முடிச்சுப் போட்டு வைத்தார், அவ்வளவுதான். உங்களுக்கு அந்த முடிச்சு உங்கள் கடையேதான். துவரம்பருப்பு என்றதும் உங்கள் கண் இடப்பக்கம் மூன்றாவது சாக்குக்குப் போகும், நல்லமிளகு என்றதும் தலைக்கு மேலே உள்ள தகர டப்பாவுக்குப் போகும். வாடிக்கையாளர் சொல்லும் பட்டியல் அப்படியே கடைக்குள் போய் அங்கங்கே உட்கார்ந்துகொள்ளும், நீங்கள் அதை ஒரு சுற்றுப் பார்த்து வாசித்தால் போதும். அவர்கள் பேசும்போது கண் அலமாரியில் அலையும்வரை இது நடந்தது. கண் கைக்குள் ஒளிரும் ஆறு அங்குலத்தில் கிடந்தால் எங்கே நடக்கும்?

ரீல்ஸும் ஒரு வகையில் சதாவதானம் மாதிரிதானே, அரை மணியில் நூறு காரியம் பார்க்கிறோமே என்று நீங்கள் கேட்கலாம். பாவலரிடம் அந்த நூறையும் திருப்பிக் கேட்டார்கள். எல்லாவற்றையும் கடைசியில் ஒப்புக்கொடுக்க வேண்டும் என்பது தெரிந்தே அவர் வாங்கினார். உங்கள் பெருவிரல் தள்ளிவிட்ட நூறில் ஒன்றையும் யாரும் உங்களிடம் திருப்பிக் கேட்கப்போவதில்லை. கேட்கமாட்டார்கள் என்பது மனதுக்கும் தெரியும். அது வைத்துக்கொள்வதில்லை. பார்த்தது ஒன்றும் நினைவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் கோளாறு ஏதும் இல்லை. பழம்புளி கட்டுகிற சாக்கில் பதரை யாராவது கட்டி வைப்பார்களா?

அப்படியானால் தொந்தரவு எங்கே வருகிறது? ஜெர்மனியில் மியூனிக் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2023இல் வெளியிட்ட ஒரு சோதனை உங்கள் கிட்டங்கிக் கதையேதான். 60 பேருக்கு ஒரு வேலை கொடுத்து, ‘இன்ன சொல் வந்தால் இன்ன பொத்தானை அமுக்க வேண்டும், மறக்கக் கூடாது’ என்று சொல்லி வைத்தார்கள். நடுவில் ஓர் இடைவேளை விட்டார்கள். சிலர் டிக்டாக் பார்த்தார்கள், சிலர் ட்விட்டர், சிலர் யூடியூப் வீடியோ, சிலர் சும்மா இருந்தார்கள். திரும்பி வந்தபோது, பின்னால் செய்ய வேண்டும் என்று மனதில் முடிந்து வைத்ததை அதிகம் கோட்டை விட்டவர்கள் டிக்டாக் கூட்டத்தார்தான். மற்ற மூன்று கூட்டத்துக்கும் குறிப்பிடும்படி ஒன்றும் ஆகவில்லை. சின்னச் சின்னதாக, ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாமல், மின்னல் மாதிரி மாறிக்கொண்டே வருவதுதான் நினைத்து வைத்த காரியத்தின் நூலை அறுக்கிறது என்று அவர்கள் கருதுகிறார்கள். அறுபது பேரை வைத்துச் செய்த ஒரு சோதனை, இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது என்பதால் சொல்கிறேன்.

டிக்டாக்கை நம் நாட்டில் 2020 ஜூன் 29 அன்று தடை செய்தார்கள். அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கே வந்துவிட்டது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ். எதிரே உள்ள கடை அடைத்தால் வாடிக்கை எங்கே வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கை தானாகத் தேடுவதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. மணக்குடியில் தூண்டில் போடுகிறவரைப் பாருங்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் மீன் விழுந்தால் அரை மணியில் அலுத்துப்போய் வீட்டுக்குப் போய்விடுவார், விழவே விழாது என்றாலும் போய்விடுவார். எப்போது விழும் என்று தெரியாததால்தான் பொழுது சாயும்வரை நிற்கிறார். பத்து குப்பைக்கு நடுவில் ஒன்று உங்களைச் சிரிக்க வைக்கிறதே, அதே கணக்கு. அதோடு இந்தத் திரைக்கு அடியும் கிடையாது. பக்கம் முடிந்தது என்று காட்டாமல் கீழே கீழே வந்துகொண்டே இருக்கும் இந்த ஏற்பாட்டை 2006இல் வடிவமைத்த ஆசா ரஸ்கின், பிற்பாடு அதற்காக வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார். பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் உண்டு, விடிய விடிய நடக்கும் வில்லுப்பாட்டுக்கும் வாழிபாடல் உண்டு. அடி தைக்காத சாக்கில் எவ்வளவு அரிசி கொட்டினால் நிறையும்?

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது அந்த மதியம் இரண்டு முதல் நாலு. நாலு வருஷத்துக்கு முன் அந்த நேரத்தில் என்ன செய்வீர்கள்? பேப்பரை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு, சாக்கில் சாய்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பீர்கள். எதுவும் செய்யவில்லை என்றுதான் நினைப்பீர்கள். ஆனால் அந்த நேரத்தில்தான் காலையில் கடன் வாங்கிப் போனவர் முகம் மனதில் வந்து போகும், எந்தச் சாக்கு தீரப்போகிறது என்று தோன்றும், மகன் சொன்ன ஒரு வார்த்தையின் பொருள் அப்போதுதான் விளங்கும். எடின்பரோவில் மிக்கேலா டீவரும் கூட்டாளிகளும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு சிறுகதைகளைச் சொன்னார்கள். ஒரு கதைக்குப் பிறகு பத்து நிமிஷம் வெளிச்சம் குறைந்த அறையில் சும்மா இருக்க விட்டார்கள். மற்றதுக்குப் பிறகு பத்து நிமிஷம் கணினியில் இரண்டு படங்களுக்கு வித்தியாசம் கண்டுபிடிக்கும் விளையாட்டு. ஏழு நாள் கழித்துக் கேட்டபோது, சும்மா இருந்த பத்து நிமிஷத்துக்கு முன் கேட்ட கதைதான் நன்றாக நினைவில் நின்றது. ஈரச் சிமெண்டில் நடக்கக் கூடாது என்கிற மாதிரி சங்கதி. உங்கள் மதியம், இரவு, கழிவறை, ஆட்டோவுக்காக நிற்கும் ஐந்து நிமிஷம் எல்லாவற்றிலும் செல்போன் நடந்து போகிறது. ரீல்ஸ் உங்கள் நினைவைத் திருடவில்லை, அது காய்வதற்கு இருந்த நேரத்தை வாங்கிக்கொண்டது.

தங்கமீன் கதையை விட்டுத்தள்ளுங்கள். மீனுக்கு ஒன்பது வினாடி, மனுஷனுக்கு எட்டு வினாடி என்று 2015இல் ஒரு கம்பெனி அறிக்கை வழியாகக் கிளம்பின புரளி, ஆதாரம் தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். ‘மூளை அழுகல்’ என்பதும் ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் 2024இன் சொல்லாகத் தேர்ந்தெடுத்த வசைச்சொல். நோயின் பெயர் அல்ல. ரீல்ஸ் பார்த்து மூளை அழுகின ஒருவரை நான் ஸ்கேனில் பார்த்தது இல்லை. அதிகம் பார்க்கிறவர்களுக்குக் கவனம் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் பார்ப்பதால் குறைகிறதா, கவனம் குறைந்தவர்கள்தான் அதிகம் பார்க்கிறார்களா என்பதில் இன்னும் சண்டை தீரவில்லை.

இன்னொன்றும் உண்டு, பழி முழுவதையும் ரீல்ஸ் தலையில் வைக்க முடியாது. இப்போது பாதிப்பேர் உங்களுக்குப் பட்டியலை வாட்ஸ்அப்பில்தானே அனுப்புகிறார்கள்? தொகையைக் கால்குலேட்டர் சொல்கிறது, வந்த பணத்தை ஒலிப்பெட்டி கத்திச் சொல்கிறது. நாலு வருஷம் தீட்டாத கத்தி மழுங்கத்தானே செய்யும்? அதே எரிக்சன், எண்களைக் கேட்டு ஒப்பிக்கும் பயிற்சியை ஒரு மாணவருக்குக் கொடுத்துப் பார்த்தார். ஏழு எண்ணில் தொடங்கினவர், இருபது மாசத்தில் 79 எண் வரை போனார். அவருக்கே எழுத்துகளைச் சொன்னபோது ஆறைத் தாண்டவில்லை. எதைப் பழகுகிறோமோ அதுதான் வளரும். ஆகவே யாராவது ‘ஞாபகசக்தி ஆப்’ என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள். உங்களுக்கு வேண்டிய பயிற்சிக்கூடம் உங்கள் கல்லாவுக்கு முன்னாலேயே இருக்கிறது.

என்ன செய்யலாம்? மன உறுதி என்று ஒன்றை நான் நம்புவதில்லை. தூரத்தைத்தான் நம்புகிறேன். கடை நேரத்தில் செல்போன் கிட்டங்கியில் இருக்கட்டும், பணம் வந்ததைச் சொல்லப் பெட்டி இருக்கிறது, அழைப்பு வந்தால் மணி கேட்கும். ரீல்ஸ் வேண்டும் என்றால் சாயங்காலம் வீட்டில் அரை மணி, உட்கார்ந்து, மகனுடைய போனில் பாருங்கள். உங்கள் போனிலிருந்து அந்த ஆப்பை எடுத்துவிடச் சொல்லுங்கள். ராத்திரி போன் அடுக்களையில் சார்ஜ் ஏறட்டும், காலையில் எழுப்புவதற்கு மலிவாக ஓர் அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நாலைந்து நாள் கை பரபரக்கும், கடையில் ஆளில்லாத நேரம் கடுப்பாகத்தான் இருக்கும், அது நோய் அல்ல. கிட்டங்கிக்குக் கிளம்பும்போது எதற்குப் போகிறீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், ‘உளுந்து மூட்டை, உளுந்து மூட்டை’ என்று. பையன் சிரித்தால் சிரிக்கட்டும். தினம் காலையில் முதல் ஐந்து பேரிடம் சீட்டு வாங்காமல், அவர்கள் சொல்லும்போது சாக்குகளைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள், பிறகு முழுவதையும் ஒரு தடவை திருப்பிச் சொல்லிவிட்டு எடுக்கத் தொடங்குங்கள். மதியம் பத்து நிமிஷமாவது ஒன்றும் செய்யாதீர்கள்.

இவ்வளவு செய்தும் கை நிற்காமல், ராத்திரித் தூக்கம் கெட்டுக்கொண்டே போனாலோ, மனம் எதிலும் ஒட்டாமல் இருந்தாலோ அரசின் டெலிமானஸ் எண் 14416இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மனச்சோர்வும் மறதி வேஷம் போட்டுக்கொண்டு வரும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

ரத்தப் பரிசோதனை முடிவோடு, ஆறு வாரம் கழித்து, ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் உங்கள் மகனையும் நாலு வரி எழுதச் சொல்லுங்கள், அவர் கண்ணுக்கு நீங்கள் எப்படித் தெரிகிறீர்கள் என்று. உங்கள் வரிகளைவிட அவர் எழுதுவதைத்தான் நான் முதலில் படிப்பேன்.